கல்லீரல் நீக்கமா, கல்லீரல் பகுதிநீக்கமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கருவுற்ற பெண்களுக்குச் செய்யப்படும் கல்லீரல் புற்று அறுவை பற்றிய ஒப்புதல் படிவத்தில், ஹெபடெக்டமி என்ற ஆங்கில மருத்துவச் சொல்லுக்குக் ‘கல்லீரல் நீக்கம்’ என்று எழுதலாம் என முன்மொழிந்திருக்கிறீர்கள். கருப்பை நீக்கம், குடல்வால் நீக்கம் என்று ஏற்கெனவே வழங்குவதால் இதுவும் அந்த வரிசையில் சேரும் என்பது உங்கள் வாதம். ஆனால் கருப்பையும் குடல்வாலும் இல்லாமல் வாழலாம். கல்லீரல் இல்லாமல் வாழ முடியாது. முன்பு ஒருமுறை இதே சொல் இருந்த படிவத்தை ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவரின் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, “ஈரலையே எடுத்துட்டா எம்மவ எப்படிப்பா பொழைப்பா?” என்று கேட்டார். படிவத்தில் எழுதியிருந்தபடி பார்த்தால் அவர் கேட்டதில் பிழையே இல்லை.

உண்மையில் எடுக்கப்படுவது ஒரு பகுதிதான். பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் குய்னோ 1950களில் வகுத்தபடி கல்லீரலுக்கு எட்டுக் கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்), தமனி, பித்தநாளம் ஆகியவற்றின் கிளைகள் தனித்தனியே செல்வதால், மற்றவற்றைக் கெடுக்காமல் ஒன்றை மட்டும் எடுக்க முடிகிறது. நலமான கல்லீரலில் பாதிக்கு மேல் எடுத்தாலும் எஞ்சியது மீண்டும் வளரும். ஆகவே பொதுச்சொல்லாகக் ‘கல்லீரல் பகுதிநீக்கம்’ என்பதையும், கூறின் எல்லையை ஒட்டி எடுக்கும்போது மட்டும் ‘கூறுநீக்கம்’ என்பதையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ‘ஆறாம் கூறுநீக்கம்’ என்று எழுதினால் மருத்துவருக்கும் ஐயம் எழாது. முருங்கையைக் கழித்துவிட்டால் மீண்டும் தழைக்கிறதே என்று ‘கழிப்பு’ என்ற சொல்மேல் எனக்கு ஆசை இருந்தது. கழிப்பறையை நினைத்துக் கைவிட்டேன்.

கர்ப்பகாலத்தை மூன்றாகப் பிரித்து நடுப்பகுதியைச் சொல்லும் ‘இரண்டாம் மும்மாதம்’ என்பதும் படிவத்தில் வேண்டாம். பத்து மாதம் என்று எண்ணிப் பழகிய வீட்டில் அந்தக் கணக்கு குழப்பும். குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்து, கருப்பை மேல்வயிற்று அறுவைக்கு இடைஞ்சலாகும் அளவுக்குப் பெரிதாகாத காலம் என்பதால்தான் அறுவைக்கு அப்பருவத்தைப் பெரும்பாலும் தேர்கிறார்கள். அதை ‘14 முதல் 27 வாரம் வரை’ என்றே எழுதிவிடலாம்.

அறுவையின்போது குருதிப்போக்கைக் குறைக்கக் கல்லீரலுக்குள் செல்லும் குழாய்களைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடிப்பார்கள். அறுவை மருத்துவர் பிரிங்கிள் 1908இல் விவரித்த முறை அது. ‘குருதி நிறுத்தம்’ என்று அதைக் குறித்தால், குழந்தைக்குச் செல்லும் இரத்தத்தையே நிறுத்துகிறார்கள் என்று தாய் அஞ்சுவார். கருப்பைத் தமனிகள் வேறு வழியாக வருபவை. அவற்றை யாரும் இறுக்குவதில்லை. ஏரிக்கு நீர்வரத்து என்கிறோமே, அதையொட்டிக் ‘கல்லீரல் குருதிவரத்து நிறுத்தம்’ என்றால் எந்த இரத்தம், எவ்விடத்தில் என்பது சொல்லிலேயே விளங்கும்.

கல்லீரல் புற்றை அறிய இரத்தத்தில் அளக்கப்படும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்துக்குப் ‘புற்றுப்புரதம்’ என்பது கூடவே கூடாது. கருவில் உள்ள குழந்தையே அதைச் சுரப்பதால், புற்று இல்லாத கர்ப்பிணியின் இரத்தத்திலும் அது உயர்ந்திருக்கும். மாற்றாக வந்த ‘கருப்புரதம்’ பொருளில் சரி. ஆனால் எனக்கு அது ஒவ்வொரு முறையும் கருப்பு ரதமாகவே கண்ணில் படுகிறது. ‘சிசுப்புரதம்’ என்று வைக்கலாமா?

அந்தத் தாயார் தயங்கிய வரியை இவ்வாறு திருத்தியிருக்கிறேன்: “உங்கள் கல்லீரலில் கட்டி உள்ள பகுதி மட்டும் எடுக்கப்படும் (கல்லீரல் பகுதிநீக்கம்), எஞ்சிய கல்லீரல் உடலிலேயே இருக்கும்.” அடைப்புக்குறிக்குள் இருப்பதை மாற்ற விரும்புவோர் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள்; வெளியே இருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டுகிறேன்.