தோட்டத்துச் சொந்தங்கள் குழு: வண்டித்தட விவகாரம்

பெரியப்பா: மேற்குத் தோட்டத்துக்காரர் நாம் போய்வரும் வண்டித்தடத்தில் கல்லுக்கால் நட்டுவிட்டார். கம்பி இன்னும் கட்டவில்லை. கேட்டால், பட்டாவிலும் இல்லை, சர்வே வரைபடமான புலப்படத்திலும் இல்லை, உங்கள் தடம் எங்கே இருக்கிறது என்கிறார். பால் வண்டி இன்று எப்படியோ ஒதுங்கிப் போய்விட்டது.

சின்ன அண்ணன்: சண்டை வேண்டாம் பெரியப்பா. "தங்கள் நிலத்தின் வழியாகப் போய்வர அனுமதிக்க வேண்டுகிறோம்" என்று ஒரு கடிதம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். மனுஷன் இறங்கி வருவார்.

நான்: அண்ணா, தயவுசெய்து அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அனுமதி கேட்டு எழுதிவிட்டால், இத்தனை காலம் போய்வந்ததும் அவர் தயவில்தான் என்று நாமே ஒப்புக்கொண்டதாக அவருடைய வக்கீல் சொல்லிவிடுவார். அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைப் பற்றிய 1882ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டத்தில் 15ஆவது பிரிவு இருக்கிறது. வெளிப்படையாக, தகராறு இல்லாமல், உரிமையோடு, விடாமல் 20 வருடம் போய்வந்தால் பாத்தியம், அதாவது வழி உரிமை, உண்டு. அனுமதியின் பேரில் போனால் எத்தனை வருடம் ஆனாலும் கிடையாது.

அத்தை: பட்டாவில் இல்லை என்பது உண்மைதானே கண்ணு?

நான்: பட்டாவில் இருக்காது அத்தை. நிலம் யார் பெயரில், எவ்வளவு பரப்பு, எவ்வளவு தீர்வை, அவ்வளவுதான் அதில். புலப்படத்தில் சர்க்கார் வண்டிப்பாதை இருந்தால் தெரியும், பங்காளிகள் தங்களுக்குள் விட்டுக்கொண்ட தடம் பெரும்பாலும் ஏறாது. அது பத்திரத்தில்தான் இருக்கும், அதுவும் நான்கு மால், அதாவது நான்கு பக்க எல்லை, சொல்லி முடித்தபிறகு வரும் கடைசி வரிகளில். அதனால்தான் வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, பத்திரத்தின் முழு நகலையும் வாங்கிப் படிக்க வேண்டும்.

மாமா: இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன் மாப்பிள்ளை. 1975க்கு முன்னால் ஒன்றும் வரவில்லை.

நான்: நம் ஊருக்கு இணையத்தில் அவ்வளவுதான் வருகிறது மாமா, அதற்கு முன்னால் உள்ளதை நேரில் மனுப் போட்டுத்தான் தேடினேன். நம் ஊர் அப்போது வேறு சார்பதிவகத்தில் இருந்தது, பழைய புத்தகங்கள் அங்கேதான். இன்னொன்று, இப்போதைய சர்வே எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காது, உட்பிரிவு ஆவதற்கு முன்னால் இருந்த எண் வேண்டும். அதை வி.ஏ.ஓ.விடம் ஊர் நிலங்களின் பட்டியலான 'அ' பதிவேட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் போனேன். அங்கே பெயருக்கு ஒரு இன்டெக்ஸ், சொத்துக்கு ஒரு இன்டெக்ஸ். அப்பாருவின் (தாத்தாவின்) பெயரில் தேடியபோது 1958 பாகப்பிரிவினை கிடைத்துவிட்டது!

பெரியப்பா: அதில் தடம் இருக்கிறதா?

நான்: இருக்கிறது பெரியப்பா. கையால் எழுதியது, மை பழுப்பாகிவிட்டது, ஆனால் தெளிவாகப் படிக்க முடிகிறது. அப்படியே தட்டச்சு செய்கிறேன்: "மேற்படி பூமியின் மேல்புறம் தென்வடலாயுள்ள 12 அடி அகல வண்டித்தடத்தில் ஆள், கால்நடை, வண்டி வாகனம் போக வர இரு பாகஸ்தர்களுக்கும் பொதுவில் பாத்தியம்."

அத்தை: அப்பாரு எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் சாமி. கண் கலங்கிவிட்டது.

நான்: இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது அத்தை. நம் பத்திரத்தோடு நிறுத்தாமல் மேற்குத் தோட்டத்துக்காரருடைய தாய்ப்பத்திரங்களுக்கும், அதாவது அவர் நிலத்தின் முந்தைய பத்திரங்களுக்கும், மனுப் போட்டேன். பதிவுச் சட்டம் 57ஆவது பிரிவுப்படி சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தில் உள்ள பத்திரத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். நம் இன்னொரு பங்காளி 1983இல் விற்றபோது எழுதிய கிரயப் பத்திரத்தில் "பொதுத் தடப்பாத்தியத்துக்கு உட்பட்டு" என்றே எழுதியிருக்கிறார்கள். 2016இல் இப்போதைய ஆளுக்கு எழுதிய கிரயத்தில் அந்த வரி இல்லை.

சின்ன அண்ணன்: வரி இல்லை என்றால் அவருக்குச் சாதகம்தானே?

நான்: இல்லை அண்ணா. விற்றவருக்கு என்ன இருந்ததோ அதைத்தான் அவர் விற்க முடியும். தடத்துக்கு உட்பட்டு வாங்கிய நிலத்தை, தடம் இல்லாத நிலமாக அவர் எப்படிக் கைமாற்ற முடியும்? வாங்கியவரும் பாவம், பழைய பத்திரத்தை யாரும் அவருக்குப் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். நகலைக் கையில் கொடுத்தால் அவரே கல்லுக்காலைப் பிடுங்கினாலும் பிடுங்குவார்.

மாமா: ஒரு சந்தேகம். தார் ரோடு வந்தபிறகு நாம் கிழக்கு வழியாகத்தானே அதிகம் போகிறோம், விட்டுப்போன பாத்தியம் என்பார்களே?

நான்: நல்ல கேள்விங்க மாமா, நான் பயந்ததும் அதற்குத்தான். ஈஸ்மென்ட் சட்டம் 47ஆவது பிரிவுப்படி தொடர்ந்து 20 வருடம் பயன்படுத்தாமல் விட்டால் பாத்தியம் போய்விடும். நாம் விடவில்லை. பால் வண்டி தினமும் அந்த வழிதான், கரும்பு வெட்டும்போது டிராக்டரும் அந்த வழிதான். பால் கணக்குப் புத்தகம், ஆலைக்கு ஏற்றிய சீட்டு, தடம் தெரிகிற பழைய போட்டோ, யார் வீட்டில் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். மாசிப் பொங்கலுக்கு எடுத்த போட்டோவில் பின்னால் மாட்டு வண்டி நிற்குமே, அது யாரிடம்?

அத்தை: என் பெட்டியில் இருக்கிறது. அப்புறம் கண்ணு, அப்பாரு காலத்தில் கிணற்றுக்கு ஒரு வழக்கு நடந்தது. கோர்ட்டிலிருந்து கமிஷனர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். நான் சின்னப் பிள்ளை, மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான்: அத்தை!! கமிஷனர் பிளான் போட்டிருந்தால் கிணற்றுக்குப் போகும் தடத்தையும் அதில் குறித்திருப்பார். கோர்ட் நகல் பிரிவில் மனுப் போட வழக்கு எண்ணும் வருடமும் வேண்டும், வெறுமனே கிணற்று வழக்கு என்றால் தேடித் தர மாட்டார்கள். டிகிரி (தீர்ப்பாணை) நகல், வக்கீல் நோட்டீஸ், ஏதாவது பழைய காகிதம் அந்தப் பெட்டியில் இருக்கிறதா?

அத்தை: "ஓ.எஸ்." என்று போட்டு ஒரு முத்திரைக் காகிதம் இருக்கிறது. எண் பாதி செல்லரித்துவிட்டது, வருடம் 1964 என்று தெரிகிறது.

நான்: ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு அத்தை. வருடமும் அப்பாருவின் பெயரும் போதும், அந்த வருடத்து வழக்குப் பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேட்கலாம். காகிதத்தை மடிக்காமல், விரல் படாமல் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

பெரியப்பா: சரி கண்ணு. நாளைக் காலையில் வக்கீலைப் பார்க்கிறோம். முதலில் நகல்களோடு நோட்டீஸ் விடட்டும், கம்பி கட்ட ஆரம்பித்தால் அன்றே தடையுத்தரவு கேட்டு மனுப் போடட்டும். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு சின்னவனே.

சின்ன அண்ணன்: கிழித்தாயிற்று. நாளைப் பால் வண்டியோடு நானே அந்தத் தடத்தில் போகிறேன்.