வெளிறிப்போன சிவப்பு மாருதி 800: திருவொற்றியூரிலிருந்து ஓர் அனுபவம்

வடசென்னையின் எண்ணூர், திருவொற்றியூர், மணலி பக்கம் வெட்டவெளியில் நிற்கும் கார்களின் பெயிண்ட் எப்படி மங்குகிறது என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வெயில் எல்லா ஊருக்கும் பொது. ஆனால் இங்கே அதனோடு கடற்காற்றின் உப்பும், அனல்மின் நிலையத்துச் சாம்பலும், துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேர்ந்துகொள்கின்றன. எங்கள் வீட்டுச் சிவப்பு மாருதி 800-இன் பானெட்டும் கூரையும் இளஞ்சிவப்பாக வெளிறி, தொட்டால் கையில் மாவுபோல் ஒட்டும் நிலைக்கு வந்தபோதுதான் இந்த விஷயத்தை முறையாகக் கற்றுக்கொண்டேன்.

பெயிண்ட் என்பது நிறமியும், அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் சேர்ந்த படலம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பிசினின் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைக்கிறது. உடைந்த இடங்களில் காற்றின் ஆக்சிஜன் வினைபுரிய, மேற்பரப்பு நொறுங்கி, பிடிப்பை இழந்த நிறமி பொடியாக மேலே தங்குகிறது. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கூரை, பானெட், டிக்கி ஆகியவை முதலில் வெளுத்து, கதவுகள் பின்னால் வெளுப்பதற்கு இதுவே காரணம். சிவப்பு நிறமிகளில் பல புற ஊதாக் கதிரை அதிகம் தாங்காதவை என்பதால், சிவப்பு வண்டிகளில் இது சீக்கிரமே கண்ணில் படுகிறது.

தண்டையார்பேட்டையில் டிங்கரிங், பெயிண்டிங் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் விலை எதுவும் பேசாமல், ஈரமான வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துப் பானெட்டின் ஓரத்தில் தேய்த்தார். துணி சிவந்தது. "துணியில கலர் ஏறுது பாரு தம்பி, அப்ப இது மேல கிளியர் கோட் கிடையாது. இத காப்பாத்திடலாம்" என்றார். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான். கிளியர் கோட் என்பது நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற காப்புப் படலம். அது இல்லாத பழைய வகைப் பெயிண்டாக இருந்தால், செத்துப்போன மேற்படலத்தை நீக்கியதும் அடியில் உள்ள உயிருள்ள நிறம் வெளிவந்துவிடும். துணியில் நிறம் ஏறாமல், வண்டியின் மேல் செதில் செதிலாக வெண்திட்டுகள் தெரிந்தால், அது கிளியர் கோட் உரிந்துபோன நிலை; எந்தப் பாலிஷும் அதை மீட்காது.

தேய்ப்பதற்கு முன் கழுவுவதுதான் எங்கள் பகுதியில் பாதி வேலை. அனல்மின் நிலையத்துச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் கலந்த கண்ணாடி போன்ற நுண்துகள்கள் இருப்பதால், உலர்ந்த துணியால் துடைத்தால் பெயிண்டில் வட்ட வட்டமாகக் கீறல் விழும். எனவே முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிச் சாம்பலை அடித்துக்கொண்டு போகச் செய்ய வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கரையோரத்தில் கடல்நீர் உட்புகுந்ததால் எங்கள் தெருவின் போர்வெல் தண்ணீர் உப்பு. அது வண்டியின் மேல் காய்ந்தால் வெள்ளை வளையங்கள் படியும். ஆகவே கடைசி அலசலுக்குக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரை எடுத்துவைத்து, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தோம். அதன் பிறகும் ஒட்டியிருந்த துகள்களை, சோப்புத் தண்ணீர் தெளித்து, கிளே பார் என்னும் களிமண் போன்ற கட்டியால் இழுத்தெடுத்தோம்.

காம்பவுண்ட் என்னும் சொரசொரப்பான பசையால் மேற்படலத்தைத் தேய்த்தெடுக்கும் ரப்பிங் வேலையைப் பெரியவர் நிழலில், காலையில் மட்டுமே செய்தார். கத்திரி வெயிலில் சூடேறிய தகட்டின் மேல் காம்பவுண்ட் நொடியில் காய்ந்து, தேய்ப்பதற்குப் பதில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பானெட்டின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெல்லியதாக இருப்பதால், அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, மெஷினை நடுப்பகுதியில் மட்டும் ஓட்டி, விளிம்புகளைக் கையால் முடித்தார். சொரசொரப்பு குறைந்த காம்பவுண்டை முதலில் ஓர் ஓரத்தில் போட்டுப் பார்த்து, அது போதாத இடத்தில் மட்டுமே வலுவானதை எடுத்தார். மெஷினில் மாட்டிய பேட் சிவப்புப் பொடியால் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் நிறுத்திச் சுத்தம் செய்தார்; அடைத்த பேடை ஓட்டினால் நீக்கிய பொடியே மறுபடியும் பெயிண்டைக் கீறும். இந்தப் பொறுமைக்குத்தான் கூலி கொடுக்கிறோம் என்பது என் எண்ணம். கம்பெனியில் அடிக்கும் பெயிண்ட் மொத்தமாகவே ஏறக்குறைய 100 மைக்ரான் கனம்தான். ஒவ்வொரு ரப்பிங்கும் அதில் சிறிதைச் சுரண்டியெடுப்பதால், இதை ஆண்டுதோறும் செய்வதற்கில்லை.

பக்கத்து வீட்டு அண்ணனின் வெள்ளி நிற மெட்டாலிக் காரின் கதை வேறு. அதன் கூரையில் கிளியர் கோட் உரியத் தொடங்கியிருந்தபோது, ஒரு பட்டறையில் பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்று பணம் வாங்கிக்கொண்டு மெஷினை ஓட்டினார்கள். உரிந்த விளிம்பு அகன்று திட்டு பெரிதானது. உரிந்த இடத்தில் மட்டும் கிளியர் அடிப்பதும் நிலைக்காது, ஏனெனில் சுற்றியுள்ள பழைய படலமும் பிடிப்பை இழந்துகொண்டே வருகிறது. கடைசியில் கூரை முழுவதையும் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் தேய்த்து, நிறமும் கிளியரும் புதிதாக அடித்த பிறகே அது சரியானது.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துப் பளபளப்பாக்கும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெய்ப் பிசுக்கு நொறுங்கிய பரப்பை ஈரமாக்கி நிறத்தைக் கொஞ்ச நேரம் ஆழமாகக் காட்டுகிறதே தவிர, வெயிலைத் தடுப்பதில்லை. கூடவே புழுதியையும் இழுத்துப் பிடிக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாங்கள் பாலிஷ் முடிந்ததும் வாக்ஸ் பூசினோம். இந்த வெயிலில் வாக்ஸ் நெடுநாள் தாங்காது. மேலே ஊற்றும் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவத் தொடங்கினால் மறுபடியும் பூசுகிறேன்.

கார் கவர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று. கழுவாத வண்டியின் மேல் கவரைப் போட்டால், கடற்காற்றில் அது படபடக்கும்போது அடியில் சிக்கிய சாம்பல் பெயிண்டை ஓயாமல் உரசும். அதனால்தான் கவரை விட்டுவிட்டு, வண்டி நிற்கும் இடத்துக்கு மேல் ஷீட் கூரை போட்டுக்கொண்டோம்.