நிறம் மாறி வந்த சிர்ஃபிட் ஈக்கள்: உங்கள் அனுபவம் என்ன?

குளிர்காலத்தில் எடுத்த படம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். பூவின் மேல் ஒரு சிர்ஃபிட் ஈ (தேனீ, குளவி போலத் தோன்றும் பூ ஈ), வயிறு கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு. ஆரஞ்சு நிறம் அங்கங்கே கோடாக மட்டும் மிச்சம். பார்த்தவர்கள் எல்லோரும் புது இனமா என்று கேட்டார்கள்.

நான் நிறத்தை ஒதுக்கிவிட்டுச் சிறகைப் பெரிதாக்கினேன். நடுவில் எந்த நரம்போடும் சேராமல் மங்கலாக ஓடும் பொய் நரம்பு தெரிந்தது. அது சிர்ஃபிட் ஈக்களின் அடையாளம். சரி, குடும்பம் உறுதி. அப்புறம் வயிறு. வயிற்றின் 3, 4ஆம் கண்டங்களில் (வளையம் போன்ற பகுதிகளில்) பின்பக்கம் அகலமான கறுப்புப் பட்டை, அதற்கு முன்னால் மீசை மாதிரி மெல்லிய இன்னொரு பட்டை. இரண்டும் விரிந்து ஒன்றையொன்று தொடும் நிலையில் இருந்தாலும் இடையில் ஆரஞ்சு இழை அறுபடவில்லை. இந்த இரட்டைப் பட்டைதான் எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் என்ற சிர்ஃபிட் ஈ இனத்தின் முத்திரை. கூட்டுப்புழுப் பருவத்தில் குளிர் பட்டால் கறுப்பு பரவும், வெப்பம் பட்டால் ஆரஞ்சு பரவும். அதனால் இந்த ஈயின் படம் போடும்போது எடுத்த மாதத்தையும் தயவுசெய்து எழுதுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

*

எனக்கு நேர்மாறான அனுபவம். இலைக்கு அடியில் வெளிறிய ஈ ஒன்று, மஞ்சள் இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்த வெள்ளை. அசையவே இல்லை. சிறகு இன்னும் சரியாக விரியாமல் பால்போல மங்கியிருந்ததால், கூட்டிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தது என்று புரிந்தது. சில மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. வெளிறிய ஈ கண்ணில் பட்டால் சிறகையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

*

வயிற்றில் வெள்ளை வளையங்களோடு ஒரு சிர்ஃபிட் ஈயின் படம் எனக்கு வந்தது. அனுப்பியவர் அதைப் பட்டை என்றே நினைத்திருந்தார். ஈ புல் நுனியைப் பிடித்தபடி செத்திருந்தது, சிறகுகள் மேலே தூக்கியிருந்தன, வயிறு உப்பியிருந்தது. கண்டங்களுக்கு நடுவே பிதுங்கி நின்றது பூஞ்சை. பூச்சிகளைத் தாக்கிக் கொல்லும் எண்டமோஃப்தோரா வகைப் பூஞ்சை பிடித்த ஈ இப்படித்தான் சாகும்.

*

குளிர் நாடுகளில் இருப்பவர்கள் வொலுசெல்லா பாம்பிலன்ஸ் என்ற சிர்ஃபிட் ஈயைக் கவனியுங்கள். இதில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றுக்கு வயிற்று நுனி சிவப்பு, இன்னொன்றுக்கு வெள்ளை. வெவ்வேறு பம்பிள்பீக்களை (முடி அடர்ந்த பருத்த தேனீக்களை) போலவே இருக்கும், ஆனால் இரண்டும் ஒரே இனம். முகத்தை நேராக எடுத்த படம் இருந்தால் உணர்கொம்பில் இறகு போன்ற முடி தெரியும். தேனீயா ஈயா என்ற குழப்பம் அதோடு தீர்ந்துவிடும். மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்வது கஷ்டம். பக்கவாட்டிலும் முகத்தையும் சேர்த்து எடுங்கள்.