நிரல் கோளத்தின் கன அளவைக் குறைத்துக் காட்டுகிறது: ஆரம் 7க்கு 1029 வருகிறது, உதவுங்கள்

கேள்வி (சுங்கை சிப்புட்):
வணக்கம். எங்கள் தோட்ட மண்டபத்தில் சனிக்கிழமை மாலை படிவம் 2 பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். இப்போது கோளத்தின் கன அளவு பாடம். விடைத்தாள் தயாரிக்க சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். டெர்மினலில் 'கோளம் 7 10 21' என்று ஆரங்களை வரிசையாகத் தட்டினால் ஒவ்வொன்றுக்கும் கன அளவு வர வேண்டும். 7க்கு 1029, 10க்கு 3000, 21க்கு 27783 என்று வருகிறது.

ஒரு பையன் கையால் போட்டு 1437.33 என்று எழுதியிருந்தான். நான் நிரலை நம்பி, சிவப்பு மையில் தவறு போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தால் அவன் எழுதியதுதான் சரி. மனசு கேட்கவில்லை. முக்கிய வரி இது, பெயர்களை மட்டும் தமிழில் மாற்றியிருக்கிறேன்:

கனஅளவு = 4/3 * 22/7 * ஆரம் * ஆரம் * ஆரம்;

ஆரத்தை ஏடூஐ (atoi, தட்டியதை முழு எண்ணாக மாற்றும் கட்டளை) வைத்து எடுக்கிறேன். கனஅளவு டபுள் வகை, அதாவது புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களையும் வைத்துக்கொள்ளும். பிழைச் செய்தி ஒன்றுமே வரவில்லை.

பதில் (தைப்பிங்):
22/7ஐ எடுத்துவிட்டு 3.14159 போட்டுப் பாருங்கள் ஐயா.

கேட்டவர்:
போட்டேன். 7க்கு 1077.57 வருகிறது. கொஞ்சம் ஏறியது, ஆனாலும் குறைவுதான். பள்ளியில் 22/7தான் கேட்கிறார்கள், அதனால் பழையபடி மாற்றிவிட்டேன்.

பதில் (கிள்ளான்):
ஐயா, 1437.33ஐ 1029ஆல் வகுத்தால் 1.3968. 10க்கு வர வேண்டிய 4190.48ஐ 3000ஆல் வகுத்தாலும் அதே 1.3968. ஆரம் மாறினாலும் விகிதம் மாறவில்லை. அப்படியென்றால் கோளாறு ஆரத்தில் இல்லை, முன்னால் நிற்கும் 4/3, 22/7 இரண்டில்தான்.

சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னப் பகுதியை வெட்டிவிடும். 4/3 வெறும் 1 ஆகிறது. அதை 22ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் 3. மூன்று முறை 343, 1029. நீங்கள் 3.14159 போட்டபோது 22/7 சரியானது, 4/3 மட்டும் 1 ஆகவே இருந்தது, அதனால்தான் 1077.57. இடப்பக்கம் டபுள் என்பது உதவாது, அதற்குள் போய்ச் சேரும் முன்பே வகுத்தல் முடிந்துவிடுகிறது. மொழியின் விதிப்படி இது சரியான கணக்கு என்பதால் பிழைச் செய்தியும் வராது.

4.0/3.0 * 22.0/7.0 என்று எழுதுங்கள். பைத்தான் என்ற நிரல் மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2இலும் இதே தொல்லை இருந்தது, 2008இல் வந்த பைத்தான் 3இல்தான் 4/3 என்றால் 1.333 என்று ஆனது.

கேட்டவர்:
வந்துவிட்டது! 1437.33, 4190.48, 38808. ரொம்ப நன்றி. ஆனால் ஆரம் 3.5 கொடுத்தால் 113.14 வருகிறது. கையால் போட்டால் 179.67.

பதில் (கிள்ளான்):
அது ஏடூஐ செய்யும் வேலை. புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும், 3ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆரத்தையும் டபுள் ஆக்கி, ஏடூஐக்குப் பதில் எஸ்டிஆர்டூடி (strtod, தட்டியதை டபுள் எண்ணாக மாற்றுவது) பயன்படுத்துங்கள். அதே வேலையைச் செய்யும் ஏடூஎஃப் (atof) கூடப் போதும், ஆனால் யாராவது எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டினால் அது சத்தமில்லாமல் 0 தரும். எஸ்டிஆர்டூடி எந்த இடத்தில் நின்றது என்று காட்டும், அதை வைத்து நீங்களே எச்சரிக்கை கொடுக்கலாம்.

பதில் (தெலுக் இந்தான்):
முப்பது வருடம் கணிதம் நடத்தியவள் நான், ஒன்று சொல்கிறேன் தம்பி. நிரலை நம்பும் முன் ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழியில் ஒரு முறை சோதித்துவிடுங்கள். கோளம் கச்சிதமாக அடங்கும் உருளையில் மூன்றில் இரண்டு பங்குதான் கோளம். ஆரம் 7, உயரம் 14 என்றால் உருளை 2156. மூன்றில் இரண்டு பங்கு 1437.33. பிள்ளைகளுக்கும் இதைக் காட்டுங்கள், சூத்திரம் மறந்தாலும் இது நிற்கும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன் டீச்சர், 3.5க்கு 179.67 வருகிறது. உருளையிலும் பார்த்தேன்: 269.5, அதில் மூன்றில் இரண்டு பங்கு அதே 179.67. அந்தப் பையன் வீடு அடுத்த லயத்தில்தான். சனிக்கிழமை வரை வைத்திருக்க மனம் வரவில்லை, இப்போதே போய் அவன் தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டு வருகிறேன்.