டிவி அப்டேட்டை நிறுத்த ரவுட்டரில் ஒரு வரி போதுமாம்

மாறன்_கே
ரவுட்டர் பற்றிய இன்னொரு இழையில் தீபன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஸ்மார்ட் டிவி தானாக அப்டேட் ஆகிறதா? அப்டேட் சர்வரின் பெயரை ரவுட்டரின் பிளாக் லிஸ்டில் போடுங்கள். ஒரே வரி, வேலை முடிந்தது." அதற்கு ஆளாளுக்கு நன்றி வேறு. வேலை முடியவில்லை ஐயா. அந்த லிஸ்ட் வேலை செய்வது டிஎன்எஸ் வழியாக, அதாவது சர்வரின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி எண்ணைச் சொல்லும் சேவை வழியாக. ரவுட்டர் கொடுக்கும் டிஎன்எஸ்ஸைச் சட்டையே செய்யாத கருவிகள் நிறைய உண்டு. கூகுளின் டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8 உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். டிவியில் செருகும் குரோம்காஸ்ட் இதற்குப் பெயர்போனது. உங்கள் ரவுட்டரிடம் கேட்கவே கேட்காத கருவியை உங்கள் லிஸ்ட் எப்படித் தடுக்கும்?

தீபன்
என் டிவியைத் தடுக்கிறது. வாங்கியபோது இருந்த பதிப்பு எண்தான் இன்றும் இருக்கிறது. அப்டேட் தேடச் சொன்னால் சர்வரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை என்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மாறன்_கே
லாக் வேண்டும், அதாவது ரவுட்டரின் பதிவேடு. டிவியின் ஐபியிலிருந்து, டிஎன்எஸ் கேள்விகள் போகும் போர்ட் 53 வழியாக எங்கே கேள்வி போகிறது என்று காட்டுங்கள். ரவுட்டருக்குப் போகிறதா, 8.8.8.8-க்குப் போகிறதா? பதிப்பு எண் மாறாததற்கு அந்த மாடலுக்கு அப்டேட்டே வராததும் காரணமாக இருக்கலாம்.

தீபன்
சர்வரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை என்று டிவியே சொல்கிறது என்றேன். அதைப் படிக்காமல் தாண்டிவிட்டீர்கள்.

செல்வி_ஆர்
இரண்டு பேரும் எப்படித் தடுப்பது என்று அடித்துக்கொள்கிறீர்கள். ஏன் தடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எல்ஜியின் டிவி மென்பொருளான வெப்ஓஎஸ் 4 முதல் 7 வரை ஓடும் டிவிகளில், பின் எண்ணே இல்லாமல் உள்ளே நுழைந்து முழு அதிகாரத்தையும் பிடிக்கும் ஓட்டைகளை 2024 ஏப்ரலில் பாதுகாப்பு நிறுவனமான பிட்டிஃபெண்டர் வெளியிட்டது. வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் இருக்க வேண்டிய, ஓட்டை இருந்த அந்த டிவி சேவை, 91,000-க்கும் மேற்பட்ட கருவிகளில் இணையத்துக்கே திறந்து கிடந்தது. அதை அடைத்தது எது? மார்ச் 2024-இல் வந்த அப்டேட். அப்டேட்டை நிறுத்தச் சொல்பவர்கள் இதற்குப் பொறுப்பேற்பார்களா?

தீபன்
அக்கா, மறுபக்கத்தையும் சொல்லுங்கள். 2017 ஆகஸ்டில் சாம்சங் விட்ட ஒரு அப்டேட்டால் பிரிட்டனில் பலருடைய புது டிவிகளே வேலை செய்யாமல் போயின. 2024 மார்ச்சில் ரோக்கு நிறுவனம் புது நிபந்தனைகளைத் திரையில் போட்டு, ஒப்புக்கொள்ளும் வரை டிவியைப் பயன்படுத்தவே விடவில்லை. டிவி நிறுவனமான வீசியோ இன்னும் மோசம். பார்ப்பதையெல்லாம் கண்காணிக்கும் மென்பொருளை, ஏற்கெனவே விற்ற பழைய டிவிகளிலும் தூரத்திலிருந்தே ஏற்றியது. அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழக்கில் 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டியது. காசு கொடுத்து வாங்கிய பொருள் என்னுடையது. அதில் என்ன ஏற வேண்டும் என்று நான்தான் சொல்வேன்.

மாறன்_கே
கதை நன்றாக இருக்கிறது. 8.8.8.8 கேள்விக்குப் பதில் எங்கே?

பழைய_ரவுட்டர்
நான் டொமைன் எல்லாம் போடுவதில்லை. அப்டேட் சர்வரின் ஐபியையே ஃபயர்வாலில் தடுத்துவிட்டேன்.

மாறன்_கே
அந்த ஐபி ஒரு சிடிஎன்னுடையது, அதாவது பல நிறுவனங்களின் கோப்புகளைப் பரிமாறும் பொது சர்வர் வலையுடையது. அதே முகவரியில் வேறு ஆயிரம் தளங்கள் இருக்கும், அப்டேட்டோ நாளைக்கு வேறு முகவரியிலிருந்து வரும். தேவையானதை உடைத்துவிட்டுத் தேவையில்லாததை உள்ளே விடும் வழி இது. ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் கீவேர்ட் ஃபில்டரும், பேச்சைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் முன்னால் செல்லாது. முகவரியின் உட்பகுதி அதற்குத் தெரியவே தெரியாது.

சரி, ஒழுங்காகச் செய்வதைச் சொல்கிறேன். உள் நெட்வொர்க்கிலிருந்து போர்ட் 53-க்குப் போகும் எதுவானாலும், அது யாரைத் தேடிப் போனாலும், ரவுட்டருக்கே திருப்பிவிடும் ஒரு நேட் விதி (போகும் முகவரியை மாற்றும் விதி) போட வேண்டும். டிவி 8.8.8.8-இடம் கேட்கிறது, பதில் சொல்வது வீட்டிலேயே ஓடும் உங்கள் தடுப்பு டிஎன்எஸ் மென்பொருளான பை-ஹோல் அல்லது ஆட்கார்ட் ஹோம், வந்த பதிலில் 8.8.8.8-இன் பெயர்தான் இருக்கும், அதனால் டிவிக்குச் சந்தேகமே வராது. அப்புறம்தான் லிஸ்ட். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு நிறுவனத்தின் முழு டொமைனையும் போடக் கூடாது. எல்ஜி என்றால் எஸ்என்யு.எல்ஜிஇ.காம் போன்ற அப்டேட் சர்வர் பெயர்களை மட்டும் போட வேண்டும். முழுதாகத் தடுத்தால் இணையம் இருக்கிறதா என்று சோதிக்கும் சர்வரும் சேர்ந்து போய்விடும். வலையில் இருக்கும் டிவி வலையே இல்லை என்று சொல்லும், ஆப் திறக்காது. ஐபிவி6 (புதுவகை ஐபி முகவரி) இருந்தால் அதற்கும் இதே விதியைத் தனியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் பின்வாசல் திறந்தே இருக்கும். இத்தனையையும் 'ஒரே வரி' என்று எழுதியவர்தான் தீபன்.

தீபன்
நீங்கள் சொன்ன விதியும் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்ஸை, அதாவது எச்டிடிபிஎஸ்ஸுக்குள் மறைந்து போகும் டிஎன்எஸ் கேள்வியை (டிஓஎச்), தடுக்காது. அது சாதாரணத் தளங்கள் போகும் போர்ட் 443-இல் போகும், 53-ஐத் தொடாது. 2018-லேயே அதன் தர ஆவணமான ஆர்எஃப்சி 8484 வந்தாயிற்று. அப்போது உங்கள் வேலையும் முடியவில்லைதானே?

மாறன்_கே
அதற்கு போர்ட் 853-ஐ மூடுவதும், தெரிந்த டிஓஎச் சர்வர்களின் ஐபிகளை அடைப்பதும் இருக்கிறது. பேச்சை மாற்ற வேண்டாம். உங்கள் டிவி 8.8.8.8-இடம் கேட்கிறதா இல்லையா?

தீபன்
டிஓஎச்சுக்கு 853 எதற்கு? அது டிஓடி, அதாவது டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ் போகும் போர்ட். அடிப்படையே தெரியாமல் பாடம் எடுக்கிறீர்கள்.

மாறன்_கே
இரண்டையும் மூட வேண்டும் என்றுதான் எழுதினேன். வாக்கியத்தைப் பாதியில் நறுக்குவது உங்கள் பழக்கம். மெஷ் ரவுட்டர் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

தீபன்
மெஷ் இழையில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நிலவன்
டிவியை நெட்டோடு இணைக்காதீர்கள். படம் பார்க்க ஒரு தனி ஸ்டிக் போடுங்கள். இதற்கு இத்தனை சண்டையா?

செல்வி_ஆர்
அந்த ஸ்டிக் அப்டேட் ஆகாதா நிலவன்? பிரச்சினையை ஒரு எச்டிஎம்ஐ துளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறீர்கள். அப்டேட் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 செப்டம்பர் 30 ஒன்று போதும். தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய ரூட் (அடிப்படைச்) சான்றிதழ் அன்று காலாவதியானது. புது ரூட் ஏறாத பழைய கருவிகள் பல தளங்களோடு பேச முடியாமல் நின்றன.

பழைய_ரவுட்டர்
நெட் இல்லாவிட்டாலும் ஆண்டெனா வழியாக அப்டேட் வரும் டிவிகள் உண்டு. டிவிபி என்ற டிஜிட்டல் ஒளிபரப்புத் தரத்தில் அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. ரவுட்டர் அதை என்ன செய்ய முடியும்?

மாறன்_கே
ஒளிபரப்பு வழி பேச்சு இங்கே தேவையில்லை. இந்த இழை டிஎன்எஸ் பற்றியது.

நிலவன்
இழையின் தலைப்பில் டிஎன்எஸ் என்ற சொல்லே இல்லை.

மாறன்_கே
நான் ஆரம்பித்த இழை, எதைப் பற்றியது என்று எனக்குத் தெரியும் தம்பி. மேக் முகவரியை (நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்ணை) தடுத்துவிட்டேன் என்று அடுத்து யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு வேறு மேக். ஒன்றைத் தடுத்துவிட்டுக் கேபிளைச் செருகினால் டிவி புது ஆளாக உள்ளே வரும். தீபன், லாக் இன்னும் வரவில்லை.

தீபன்
என் ரவுட்டரில் அந்த லாக் வசதி கிடையாது. அதனால் என் டிவி அப்டேட் ஆகிவிட்டது என்று ஆகிவிடுமா?

மாறன்_கே
லாக் இல்லாமலே 'வேலை முடிந்தது' என்று ஊருக்கு உபதேசம் செய்திருக்கிறீர்கள். அதை நம்பி எத்தனை பேர் ஒரு வரி போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்களோ. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

செல்வி_ஆர்
ஓட்டை அடைபடாத டிவியோடு நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான்.

தீபன்
என் பதிவில் ஒரு எழுத்தையும் மாற்றப் போவதில்லை. ஒரு வரி போட்டேன், அப்டேட் வரவில்லை.

மாறன்_கே
8.8.8.8?