முதல் வேலை பெரிய விஎஃப்எக்ஸ் நிறுவனத்திலா, வடபழனி ஸ்டுடியோவிலா?

அகிலன்_ரோட்டோ
ரோட்டோ (ஷாட்டில் உள்ள உருவத்தின் ஓரத்தைக் கோடு போட்டுப் பிரிப்பது), பெயிண்ட் (வேண்டாததை அழிப்பது) படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குச் சென்னையில் இரண்டு கதவு திறந்திருக்கு. ஹாலிவுட் படம் செய்கிற பன்னாட்டு ஸ்டுடியோவின் கிளை ஒன்று. தமிழ்ப் படம் செய்கிற பத்துப் பதினைந்து பேர் ஸ்டுடியோ இன்னொன்று. முதல் இரண்டு வருஷம் பெரிய இடத்தில்தான் இருக்கணும் என்பது என் கட்சி.

காரணம், அங்கே கண்ணுக்குப் பழக்கம் வந்துவிடும். நொடிக்கு 24 ஃப்ரேம் வீதம் 5 நொடி ஷாட் என்றால் 120 ஃப்ரேம், முன்னும் பின்னும் எட்டெட்டு ஹேண்டில் (உபரி ஃப்ரேம்) சேர்த்து 136. லீடு (குழுத் தலைவர்) அத்தனை ஃப்ரேமையும் நிறுத்தி நிறுத்தியும் ஓடவிட்டும் பார்ப்பார். நிறுத்திப் பார்த்தால் சரியாகத் தெரியும் ஓரம், ஓடவிட்டுப் பார்த்தால் கொதிக்கும், அதாவது நடுங்கும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கீ (கோட்டின் இடத்தைக் கையால் பதிவது) போட்டதுதான் அதற்குக் காரணம். தலை, மேல்கை, முன்கை என மூட்டு மூட்டாக ஷேப்பைப் பிரித்து, முதலில் பிளேனர் ட்ராக் (பரப்பின் அசைவை மென்பொருளே பின்தொடர்வது) ஓட்டி, அசைவு திசை மாறும் இடத்தில் மட்டும் கீ வைத்தால் கொதிப்பு அடங்கும். மோஷன் ப்ளர் உள்ள கையில் ப்ளரின் வெளி விளிம்பில் கோடு போடக் கூடாது, நடுவில் போடணும். 180 டிகிரி ஷட்டரில் எடுத்த பிளேட் (கேமராவில் எடுத்த மூலக் காட்சி) என்றால் மென்பொருளில் 0.5 கொடுத்து ப்ளரைப் பொருத்தணும். சின்ன இடத்தில் இதையெல்லாம் சொல்லித்தர யாருக்கும் நேரம் கிடையாது.

ராகவன் வடபழனி
அகிலன், நீங்க சொன்ன ஒழுங்கு உண்மைதான். ஆனால் அந்த ஷேப் அடுத்த டிபார்ட்மென்டுக்குப் போய் என்ன ஆகிறது என்று உங்கள் ரோட்டோ பையனுக்குத் தெரியுமா? இரண்டு வருஷம் கழித்தும் தெரியாது.

சின்ன ஸ்டுடியோவில் ஒரே ஆள் டீநாய்ஸ் (புள்ளி நீக்கம்), ட்ராக், கீயிங் (பச்சைப் பின்னணியை நீக்குவது), கம்ப் (எல்லாவற்றையும் ஒரே காட்சியாகச் சேர்ப்பது) எல்லாம் செய்து, 2048×858 ஸ்கோப்பில் (அகலத்திரை அளவு) டிஐ-க்கு (நிறத் திருத்தம்) அனுப்புகிறார். பச்சைத் துணியில் வெளிச்சம் ஒழுங்காக விழுந்திருக்காது, லென்ஸ் வளைவை அளக்கும் கிரிட் எடுத்திருக்க மாட்டார்கள், செட் வெளிச்சத்தைப் பதியும் எச்டிஆர்ஐ படம் இருக்காது. அதனால்தான் உள்ளுக்கு ஒரு கீயிங், முடி ஓரத்துக்கு ஒரு கீயிங், ஸ்பில்லை (மேலே படிந்த பச்சைச் சாயல்) எடுத்த இடத்தில் பின்னணி வெளிச்சத்தைத் திரும்ப ஏற்றுவது என்று கை தானாகக் கற்றுக்கொள்கிறது. 2021-இல் நியூக் என்ற கம்ப் மென்பொருளின் 13-ஆம் பதிப்போடு காப்பிகேட் என்ற எந்திரக் கற்றல் கருவி வந்தது. நாலைந்து ஃப்ரேமுக்கு மேட் (உருவத்தைப் பிரித்துக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்) வரைந்து கொடுத்தால் மீதியை அதுவே கற்றுக்கொண்டு போடப் பார்க்கிறது. ரோட்டோ மட்டுமே தெரிந்த ஆள் எங்கே நிற்பார்?

அகிலன்_ரோட்டோ
காப்பிகேட் தரும் மேட்டில் முடியும் விரலும் இன்னும் நடுங்குதுங்க அண்ணா. அதைத் திருத்தவும் ரோட்டோ தெரிந்த கைதான் வேணும். ஆனால் முன்பு பத்துப் பேர் செய்த வேலைக்கு இனி பத்துப் பேர் தேவைப்படாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மீனா_கோஆர்டினேட்டர்
இரண்டு பேரும் கைவேலையை மட்டும் பேசுறீங்க. பெரிய நிறுவனத்தில் ஒருத்தர் வாழ்வதும் வாடுவதும் ‘பிட்’ என்ற ஒரு எண்ணில், அதாவது ஒரு ஷாட்டுக்கு எத்தனை ஆள்-நாள் (மேன்-டே) என்ற மதிப்பீட்டில். அதை முதல் வாரமே சொல்லிக் கொடுக்காததுதான் அங்கே நடக்கும் பெரிய அநியாயம்.

ஒரு ஷாட்டுக்கு 3 மேன்-டே பிட் என்று வைத்துக்கொள்வோம். ஆர்ட்டிஸ்ட் 5 நாள் எடுத்தால் அவர் கணக்கில் 60 சதவீதம். இன்க்ரிமென்ட் நேரத்தில் லீடு கையில் இருக்கும் தாள் அதுதான். அந்த 2 நாள் எதனால் கூடியது என்பது அந்தத் தாளில் இருக்காது. பெரும்பாலும் மூன்று காரணம்.

ஒன்று, எடிட் மாறி பிளேட்டின் இரண்டாம் பதிப்பு (வி002) வந்திருக்கும், தலைப்பக்கம் 12 ஃப்ரேம் கூடியிருக்கும். பிட் மட்டும் பழையதாகவே கிடக்கும். இரண்டாவது, ஷாட்டில் ரீடைம் இருக்கும். வேகம் மாற்றிய பிளேட்டில் வரைந்தபின் வேக வளைவு மாறினால் எல்லாக் கீயும் இடம் தவறும். அதனால் ‘ஒரிஜினல் பிளேட்டில் ரோட்டோ, ரீடைம் கம்ப்பில்’ என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கணும். மூன்றாவது, லென்ஸ் டிஸ்டார்ஷன் (லென்ஸால் வரும் வளைவு). நேராக்கிய பிளேட்டில் வரைந்த ஷேப்பை நேராக்காத பிளேட்டில் வைத்தால் நடுவில் சரியாகப் பொருந்தும், மூலைகளில் பல பிக்சல் விலகும். நடுவில் இருக்கும் முகத்தை மட்டும் பார்த்து அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கிக்பேக் (வேலை திருத்தத்துக்குத் திரும்பி வருவது) நிச்சயம்.

இந்த மூன்றில் எது நடந்தாலும் ஷாட்கிரிடில் (ஷாட் வேலையைக் கண்காணிக்கும் மென்பொருள்) அன்றைக்கே நோட் போடணும்: பழைய பிளேட் எண், புது எண், எந்த ஃப்ரேமிலிருந்து எதுவரை திரும்பச் செய்யணும், கூடுதலாக எத்தனை நாள். கோஆர்டினேட்டரிடம் வாயால் சொன்னது போதாது. அவர் கையில் நூற்றுக்கணக்கான ஷாட் ஓடும், மறந்துபோகும். எழுத்தில் இருந்தால்தான் ரீபிட் கேட்க முடியும்.

ராகவன் வடபழனி
மீனா, இதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரு ஆளின் உழைப்பை ஒரு சதவீதத்தில் அடைக்கிற இடத்தில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை என்ன கற்கும்? கணக்கைக் காப்பாற்றத்தான் கற்கும். நிலையான வேலை என்ற பேச்சும் வேண்டாம். ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற அமெரிக்க விஎஃப்எக்ஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு போட்டது, அதே மாதம்தான் லைஃப் ஆஃப் பை வேலைக்கு ஆஸ்கர் வாங்கியது. 2023-இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் மே மாதமும் நடிகர்கள் ஜூலையிலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே படப்பிடிப்பு நின்றால் சில மாதம் கழித்து இங்கே பிளேட் வருவது நிற்கும். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பன்னாட்டு விஎஃப்எக்ஸ் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள்!

கம்ப்_கார்த்தி
ராகவன் சார், சின்ன ஸ்டுடியோ மட்டும் எந்தப் பாறை மேல் நிற்குது? தயாரிப்பாளரிடமிருந்து பணம் தவணையாக வரும். கடைசித் தவணை ரிலீஸ் நாளோடு கட்டப்பட்டிருக்கும். ரிலீஸ் தள்ளிப்போனால் ஸ்டுடியோ முதலாளி கையிலும் பணம் இல்லை, ஆர்ட்டிஸ்டுக்கும் சம்பளம் இல்லை. பிஎஃப் பிடிக்காத இடங்களே அதிகம். நீங்கள் புகழும் ‘எல்லா வேலையும்’ ரிலீசுக்கு இரண்டு வாரம் முன்பு மொத்தமாகத்தான் வந்து விழும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லணும். லாஸ் ஏஞ்சலஸ் கிளையன்ட் என்றால் ராத்திரி வேலை என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் அங்கே மாலை 6 மணி, இங்கே மறுநாள் காலை 6.30. அவர்கள் நோட் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகும்போது இங்கே ஷிஃப்ட் தொடங்கப் போகிறது, பகல் முழுக்க நம் கையில். லண்டன்தான் படுத்தும். அங்கே மாலை 6 என்றால் கோடையில் இங்கே இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. ‘எண்ட் ஆஃப் டே’ டெலிவரி என்று சொன்னால் யாருடைய டே என்று இன்டர்வியூவிலேயே கேட்கணும். எந்த ஊர் ஷோ (படத் திட்டம்), வார இறுதி வேலைக்குச் சம்பளமா மாற்று விடுப்பா, நள்ளிரவுக்குப் பிறகு கேப் உண்டா, இந்த மூன்றையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அகிலன்_ரோட்டோ
பாண்ட் (இடையில் விலகினால் பணம் கட்டும் ஒப்பந்தம்) பற்றி யாராவது எழுதுங்கள். ட்ரெய்னிங் செலவு என்று பல இடங்களில் கேட்கிறார்கள்.

மீனா_கோஆர்டினேட்டர்
எந்த ஸ்டுடியோவாக இருந்தாலும் ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்கவே கூடாது. நகல் போதும். பாண்ட் என்றாலே செல்லாது என்று நம்பி ஓடுவதும் தப்பு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், குறைந்தபட்ச சேவைக் காலத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்டணும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அது பொதுத்துறை வங்கி, தனியார் ஸ்டுடியோவுக்கு அப்படியே பொருந்தும் என்றில்லை. ஆனாலும் எத்தனை மாதம், எவ்வளவு தொகை, மாதம் போகப் போகக் குறையுமா, நிறுவனமே வேலையை விட்டு எடுத்தால் கட்டணுமா என்பதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத்தில் இல்லையென்றால் நான் சேரச் சொல்ல மாட்டேன்.

ராகவன் வடபழனி
ஷோரீலை (அடுத்த வேலைக்குக் காட்டும் ஷாட் தொகுப்பு) விட்டுவிட்டீர்கள். பெரிய இடத்தில் போன் வெளியே, யூஎஸ்பி கிடையாது, மெஷினில் இணையம் கிடையாது. இரண்டு வருஷம் உழைத்தவர் வெளியே வரும்போது காட்ட ஒரு ஷாட் இருக்காது.

கம்ப்_கார்த்தி
படம் வெளியானபின் முறைப்படி கேட்டால் சில ஷோவுக்குக் கிளிப் தருவார்கள் சார், ஷாட் உருவானதைப் படிப்படியாகக் காட்டும் பிரேக்டவுன் கிடைப்பது அரிது. அதனால் ஷாட் எண், தான் செய்த வேலை, ரிலீஸ் தேதி மூன்றையும் அலுவலகத்துக்குள்ளேயே குறித்து வைத்துக் கேட்கணும். நம்பி இருக்கவும் கூடாது. நியூக் நான்-கமர்ஷியல் இலவசம், 1920×1080 வரை ரெண்டர் தரும், பழக அது தாராளம். இலவசப் பயிற்சி பிளேட் எடுத்து, ரோட்டோவில் தொடங்கி கம்ப் வரை மாதம் ஒரு ஷாட் வீட்டில் முடித்தால் நீங்கள் சொன்ன குறையும் தீரும்.

ராகவன் வடபழனி
பன்னிரண்டு மணி நேரம் ரோட்டோ போட்டுவிட்டு வருகிறவரிடம் வீட்டில் இன்னொரு ஷாட் செய் என்கிறீர்கள். அந்த வேலையை என் ஸ்டுடியோவில் பகலில், சம்பளத்தோடு செய்கிறார்கள். நான் மாறவில்லை.