அம்மாவுக்கு 68 வயது, கிரியேட்டின் கொடுக்கலாமா?

காவிரிக்கரை:
அம்மா சுத்த சைவம். போன மாதம் வாசலில் கோலம் போட்டு முடித்தவர் எழுந்திருக்க முடியாமல் தவித்தார். நான்தான் கைத்தாங்கலாகத் தூக்கினேன். குக்கர் மூடியைக்கூட இப்போது என்னிடம்தான் நீட்டுகிறார். கை மெலிந்து, வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. "கிரியேட்டின் கொடுங்க அத்தை" என்கிறான் ஜிம்முக்குப் போகும் அண்ணன் மகன். அது ஸ்டீராய்டா? கிட்னி கெட்டுவிடாதா?

பிசியோ_14:
ஸ்டீராய்டு இல்லை. தசைக்குச் சக்தி கிடைக்க உதவும் பொருள், நம் உடம்பே தினமும் ஏறக்குறைய 1 கிராம் தயாரிக்கிறது. கறியிலும் மீனிலும் கொஞ்சம் கிடைக்கும். சைவக்காரர்களின் தசையில் இருப்பு குறைவாகத்தான் இருக்கும், அதனால் அண்ணன் மகன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பயிற்சி இல்லாமல் பொடியை மட்டும் கொடுத்துப் பெரிய பயன் எதிர்பார்க்காதீர்கள். வயதானவர்களிடம் நடந்த 22 ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் ஓர் அலசல் வந்தது. மொத்தம் 721 பேர். எடைப் பயிற்சியோடு கிரியேட்டினும் எடுத்தவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, கொழுப்பில்லாத உடல் எடை சுமார் 1.4 கிலோ கூடுதலாக ஏறியிருந்தது.

முதலில் ஒன்று செய்யுங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 தடவை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஓய்வுபெற்றவன்72:
அம்மா, என் அனுபவத்தைச் சொல்கிறேன். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்று விற்கும் பொடி, தினம் 3 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில். ஆரம்பத்தில் சில நாள் தினம் 20 கிராம் போடவேண்டும் என்பார்கள், நான் போடவில்லை. மூன்று நான்கு வாரத்தில் தசையில் கிரியேட்டின் இருப்பு தானாக நிறைந்துவிடும். கூடவே வாரம் மூன்று நாள் மணல் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்களைத் தூக்குகிறேன், நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறேன். ஐந்தாவது மாதம் மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். வீட்டுக்காரி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் பேசவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் நடுவில் ஒரு கலவரம். வருடாந்திர ரத்தப் பரிசோதனையில், கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கிரியாட்டினின் அளவு 1.0இலிருந்து 1.3 ஆகிவிட்டது. அன்று இரவு தூக்கமே இல்லை. நான் பொடி எடுப்பதை டாக்டரிடம் சொல்லியிருக்கவில்லை, அது என் தவறு. கிரியேட்டின் சிதைந்துதான் கிரியாட்டினின் ஆகிறது, அதனால் கிட்னி நன்றாக இருந்தாலும் அந்த எண் கொஞ்சம் கூடலாம் என்றார் டாக்டர். கிட்னியைப் பார்க்க சிஸ்டாட்டின் சி என்று வேறொரு ரத்தச் சோதனை எழுதிக் கொடுத்தார். அது சரியாக இருந்தது. ஏற்கெனவே கிட்னி கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. அம்மாவுக்கு முதலில் ரத்தம் பாருங்கள், அப்புறம் டப்பாவைத் திறங்கள்.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி ஐயா. இன்று காலை நேரம் பார்த்தேன், 17 விநாடி. நாலாவது தடவையில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறோம். டப்பா இன்னும் வாங்கவில்லை. கூடத்தில் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். சாயங்காலம் விளக்கேற்றியதும் அம்மாவே வந்து உட்கார்ந்து, "எண்ணுடி" என்றார்.